கிருபை, விசுவாசம், சுயசித்தம்: முடிச்சு விழும் இடம் எது?

மனிதன் இரட்சிக்கப்படுவது கடவுள் இலவசமாய்த் தரும் கிருபையாலா, அவனே எடுக்கும் சொந்தத் தீர்மானத்தாலா என்பது பழைய கேள்வி. அதை "கிருபையா, சுயசித்தமா?" என்று இரண்டு கட்சி கட்டிக்கொண்டு வாதத்தைத் தொடங்குவதுதான் முதல் கோளாறு. மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்ற பெலாஜியஸ் கூட்டத்தின் போதனையை சபைத் தலைவர்கள் கூடிய சங்கங்களான 418-இன் கார்த்தேஜ் சங்கமும் 431-இன் எபேசு சங்கமும் தள்ளிவிட்டன. முதல் அடியை மனிதன் எடுத்து வைக்கட்டும், பிறகு கடவுள் கைகொடுப்பார் என்ற நயமான வடிவத்தையும் மேற்கத்திய சபை 529-இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கத்தில் மறுத்தது. விசுவாசிக்க வேண்டும் என்ற ஆசை துளிர்ப்பதே கிருபையின் வேலை என்பது அங்கே எழுந்த தீர்ப்பு.

இன்று எதிரெதிரே நிற்கும் கால்வினியர், லூத்தரன்கள் (சீர்திருத்தவாதிகளான கால்வின், லூத்தர் வழிவந்தவர்கள்), ஆர்மீனிய-வெஸ்லிய மரபினர் (ஆர்மீனியா நாட்டவர் அல்ல; ஆர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளரையும் ஜான் வெஸ்லியையும் பின்பற்றுகிறவர்கள்), கத்தோலிக்கர், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் ஆகிய எவரும் கிருபை இல்லாமல் இரட்சிப்பு உண்டு என்று சொல்வதில்லை. அவர்கள் பிரியும் இடங்கள் இரண்டுதான். வந்த கிருபையை வேண்டாம் என்று தள்ள முடியுமா? பெற்றதைப் பிறகு இழக்க முடியுமா?

மறுபிறப்பு முந்தியா, விசுவாசம் முந்தியா?

கால்வினிய மரபின் வரிசை இது: கடவுளின் உள்ளான அழைப்பு, மறுபிறப்பு (இன்னொரு பிறவி அல்ல; உள்ளத்துக்குக் கடவுள் புது உயிர் தருவது), அதன் விளைவாக விசுவாசமும் மனந்திரும்புதலும், பிறகு நீதிமானாக்கப்படுதல். செத்தவன் எழுந்த பிறகுதானே கையை நீட்டுவான் என்பது அவர்கள் தர்க்கம். "அப்படியானால் மனிதன் வெறும் பொம்மையா?" என்று உடனே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு 1618–19-இல் கூடிய கால்வினிய சபை மாநாடான டார்ட் சினடு அப்போதே பதில் எழுதி வைத்துவிட்டது: கிருபை மனிதர்களை மரக்கட்டையாக நடத்துவதில்லை, சித்தத்தை ஒழிப்பதும் இல்லை, பலவந்தப்படுத்துவதும் இல்லை, அதை உயிர்ப்பித்துக் குணமாக்குகிறது. ஆக, அவர்கள் கணக்கில் மனிதன் மனமார விரும்பித்தான் வருகிறான். அந்த விருப்பத்தை உண்டாக்கியவர் கடவுள்.

ஆர்மீனியர் இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறார்கள். முந்திச்செல்லும் கிருபை, அது விடுவித்த சித்தத்தின் சம்மதம், விசுவாசம், அதன்பின் மறுபிறப்பு. ஆர்மீனியஸ் 1609-இல் இறந்தார். அவருடைய ஆதரவாளர்கள் அடுத்த ஆண்டே ஐந்து பிரிவுகளில் தங்கள் நிலையை எழுதிக் கொடுத்தார்கள். அதன் நான்காம் பிரிவைப் பலர் பாதிதான் வாசிக்கிறார்கள். கிருபையைத் தடுக்க முடியும் என்று சொல்வதற்கு முன்னால், கிருபை இல்லாமல் மனிதனால் எந்த நன்மையும் முடியாது என்று அழுத்திச் சொல்கிறது அந்தப் பிரிவு. இவர்களைப் பெலாஜியர் என்று திட்டுவது நியாயமே இல்லை.

இரு பக்கமும் சறுக்கும் இடம் உண்டு. ஒரே அளவு கிருபை பெற்ற இருவரில் ஒருவன் ஏற்கிறான், மற்றவன் மறுக்கிறான். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? "அவனவன் மனசிலிருந்து" என்றால், ஏற்றவனுக்குப் பெருமை பாராட்ட இடம் கிடைத்துவிடுகிறது. ஆர்மீனியர் இங்கே நெளிகிறார்கள். பிச்சை வாங்கக் கை நீட்டுவது சம்பாத்தியம் ஆகாது என்பது அவர்கள் பதில். பாதி போதும், பாதி போதாது. கால்வினியரோ 1 தீமோத்தேயு 2:4-இல் நெளிகிறார்கள். எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறவர், தடுக்க முடியாத கிருபையைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் சிலருக்கு மட்டும் தருகிறார்? "எல்லாவகை மனிதரும்" என்று பொருள் கொள்வது அந்தப் பத்தியின் ஓட்டத்துக்கு ஓரளவு பொருந்துகிறது. ஆனாலும் கேள்வி அடங்குவதில்லை.

லூத்தரன்கள் இந்த இடத்தில் தர்க்கத்தை வேண்டுமென்றே அறுத்துவிட்டார்கள். இரட்சிக்கப்படுகிறவனுக்குக் காரணம் கடவுள் மட்டுமே. கெட்டுப்போகிறவனுக்குக் காரணம் அவன் மட்டுமே. இரண்டையும் இணைக்கும் கயிறு எங்களிடம் இல்லை என்று அவர்களுடைய விசுவாச அறிக்கையான 1577-இன் இணக்கச் சூத்திரம் நிறுத்திக்கொள்கிறது. அழகான கணக்கு இல்லை. ஆனால் வசனங்களை வளைக்காத கணக்கு.

கத்தோலிக்க நிலையைப் படிக்கத் திரெந்து பொதுச்சங்கத்தின் 1547 ஜனவரி ஆணையைவிட நல்ல இடம் கிடையாது. வயதுவந்தவர் திருமுழுக்குக்கு ஆயத்தமாகும் படிகளை அது வரிசையாகச் சொல்கிறது: தகுதி எதுவும் பாராமல் வரும் அழைப்பு, கேட்டு விசுவசித்தல், கடவுளின் நீதிக்கு அஞ்சுதல், இரக்கத்தில் நம்பிக்கை, கடவுளை நேசிக்கத் தொடங்குதல், பாவத்தை வெறுத்தல், திருமுழுக்குப் பெறத் தீர்மானித்தல். ஒவ்வொரு படியிலும் சித்தம் ஒத்துழைக்கிறது; மறுக்கவும் அதனால் முடியும். அந்த ஒத்துழைப்புக்குள் கிருபை எப்படி வேலை செய்கிறது என்று பானியேஸ் என்ற இறையியலாளர் தரப்பு தொமினிக்கத் துறவிகளும் மொலினா என்ற இறையியலாளர் தரப்பு இயேசு சபைத் துறவிகளும் பல ஆண்டுகள் மோதினார்கள். 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் யாருக்கும் தீர்ப்பெழுதாமல், ஒருவரையொருவர் பதிதர் (சபைப் போதனையை மீறியவர்) என்று சொல்லக் கூடாது என்று மட்டும் சொல்லி முடித்தார்.

ஆர்த்தடாக்ஸ் மரபுக்கு இந்தச் சண்டையே சற்று அந்நியம். கிருபையும் சித்தமும் உடன் உழைப்பவை. இரட்சிப்பு வழக்கின் தீர்ப்பு அல்ல, நோய் தீர்வது. யார் இரட்சிக்கப்படுவார் என்று கடவுளே முன்னதாகத் தீர்மானித்துவிட்டார் என்ற கால்வினிய முன்குறிப்பை மட்டும் 1672-இல் எருசலேம் சினடு வெளிப்படையாக மறுத்தது.

தமிழ் வாசகர் விழும் இரண்டு குழிகள்

எபேசியர் 2:8: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." இந்த "இது" எது? தமிழில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு மூன்றுமே அஃறிணை என்பதால் "இது" எதோடும் ஒட்டும். "விசுவாசமே ஈவு" என்று நேரே வாசித்துவிடலாம். கிரேக்கத்தில் அப்படி ஒட்டாது. கிருபைக்கும் விசுவாசத்துக்குமான சொற்கள் பெண்பால். "இது" என்பதற்கான சொல்லோ அலிப்பால். முன்னே சொன்ன முழு ஏற்பாட்டையும் அது சுட்டுகிறது என்று கொள்வதே நேர்த்தி. விசுவாசம் ஈவு என்று நிறுவ விரும்பும் கால்வினியர், விசுவாசிப்பதே அருளப்பட்டது என்று சொல்லும் பிலிப்பியர் 1:29-க்குப் போகட்டும். அங்கே கால் உறுதியாக ஊன்றும்.

இரண்டாவது, "நீதிமானாக்கப்படுதல்". சீர்திருத்த சபைகளின் பொருள், நீதிமான் என்று அறிவிக்கப்படுதல். திரெந்தின் பொருள், உள்ளே உண்மையிலேயே நீதியுள்ளவனாக ஆதல். தமிழ்ச் சொல்லில் இருக்கும் "ஆக்க" திரெந்தின் பக்கமே சாய்கிறது, அதுவும் புரொட்டஸ்டன்டுகள் அன்றாடம் வாசிக்கும் வேதாகமத்தில்! விசுவாசத்தால் நீதிமான் ஆகிறான் என்னும் ரோமர் 3:28-ஐயும், விசுவாசத்தால் மட்டும் அல்ல, கிரியைகளாலும் என்னும் யாக்கோபு 2:24-ஐயும் எதிரெதிரே நிறுத்துகிறவர்கள், முதலில் "விசுவாசம்" என்பது வெறும் ஒப்புதலா, பற்றிக்கொள்ளுதலா என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்வது முதல் வகையை. லூத்தர் "விசுவாசத்தால் மட்டும்" என்றது இரண்டாம் வகையை.

ஒரே ஆளை வைத்துப் பார்த்தால்

ஒருவன் பிரசங்கம் கேட்டு மனமுடைந்து விசுவாசித்தான். பத்து ஆண்டு உண்மையாய் நடந்தான். இப்போது எல்லாவற்றையும் உதறிவிட்டான். கால்வினியர்: 1 யோவான் 2:19-இன்படி ஆதியிலிருந்தே நம்மவன் இல்லை, அல்லது இறப்பதற்குள் திரும்புவான். லூத்தரனும் வெஸ்லியரும்: மெய்யாகவே பெற்றான், மெய்யாகவே இழந்தான். கத்தோலிக்கர் இன்னும் நுட்பமாகப் பிரிப்பார்கள்: சாவான பாவம் அருளை (கிருபையை) அழிக்கும், ஆனால் விசுவாசத்தை அழிக்காது, விசுவாசத்தையே மறுத்தால்தான் அதுவும் போகும். 1610-இன் ஆர்மீனியர்களோ இந்தக் கேள்வியை இன்னும் ஆராய வேண்டும் என்று திறந்தே வைத்தார்கள்.

"நீ சுயமாய்த் தீர்மானித்து இயேசுவை ஏற்றுக்கொள், ஏற்றபின் ஒருபோதும் இழக்கமாட்டாய்" என்பது பரவலாகக் கேட்கும் பிரசங்கம். இது டார்ட்டிலும் இல்லை, வெஸ்லியிடமும் இல்லை. நுழைய ஒருவர் கதவு, பூட்ட இன்னொருவர் பூட்டு. அந்த ஆள் விலகிப்போனதும் பிரசங்கியாரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

விலகாமல், "நான் உண்மையிலேயே விசுவாசிக்கிறேனா?" என்று தவிக்கிறவனுக்கு ஒவ்வொரு மரபிலும் ஒரு பொறி காத்திருக்கிறது. கால்வினியன், தான் கடவுளால் தேர்ந்துகொள்ளப்பட்டதற்கு அடையாளம் தேடித் தன்னையே தோண்டுவான். இரட்சிக்கப்பட்ட நிச்சயம் வர ஒரு மெய்விசுவாசி நெடுநாள் காத்திருக்கவும் கூடும் என்று கால்வினிய மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையே 18-ஆம் அதிகாரத்தில் ஒப்புக்கொள்கிறது. தீர்மானத்தை நம்பி வந்தவன், அது சரியாய் எடுத்த தீர்மானமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மறுபடி முன்னால் போய் நிற்பான். தனி வெளிப்பாடு இல்லாமல் தான் அருள்நிலையில் இருப்பதை விசுவாசத்தின் உறுதியோடு எவரும் அறிய முடியாது என்கிறது திரெந்து; கூச்ச மனசாட்சி உள்ளவனைத் திரும்பத் திரும்ப ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (குருவிடம் பாவ அறிக்கை செய்ய) ஓடவைப்பது இதுதான். லூத்தரன் போதகர் மட்டும் "உன் விசுவாசத்தைப் பார்க்காதே, உனக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தைப் பார்" என்பார். பயந்தவனுக்கு அது மருந்து. ஞானஸ்நானம் பெற்றதோடு சரி என்று சபைப் பக்கமே வராதவனிடம் அதே வாக்கியத்தைச் சொன்னால், அவன் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான்.