'கண்ணுக்கும் நினைவாற்றலுக்கும்' என்று விற்கும் காப்ஸ்யூல்: அட்டையில் எதை நம்பலாம்?

முதியோருக்கென விற்கும் கண் மாத்திரைகளில் ஏரெட்ஸ் 2 என்ற கலவைக்குத்தான் பெரிய ஆய்வின் துணை இருக்கிறது. வாங்குமுன் டப்பாவைத் திருப்பி அளவைப் பாருங்கள். ஒரு நாளைக்கு வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 ஐயூ (சர்வதேச அலகு), துத்தநாகம் 80 மில்லிகிராம், தாமிரம் 2, லூட்டீன் 10, ஜியாசாந்தின் 2 (இவை இரண்டும் தாவர நிறமிகள்). பல தயாரிப்புகளில் இது இரண்டு காப்ஸ்யூலுக்கான கணக்கு. ஒன்றை மட்டும் விழுங்கினால் பாதிதான் சேரும். அதிகத் துத்தநாகம் உடலில் தாமிரத்தைக் குறைத்து ரத்தசோகையில் கொண்டுவிடும் என்பதால்தான் தாமிரத்தைச் சேர்த்திருக்கிறார்கள். தாமிரம் இல்லாத மலிவுப் பதிப்பை வாங்கவே வேண்டாம்.

லூட்டீன் கொழுப்பில் கரைவது, அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் துத்தநாகம் குமட்டலைக் கிளப்பும்.

யாருக்குப் பயன்? இடைநிலை மாகுலா சிதைவு (வயதில் விழித்திரையின் மையம் பழுதடைவது) உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் அது முற்றிவிட்டவர்களுக்கும். இவர்களிடம் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைந்ததை 2001-ல் வெளியான முதல் ஆய்வு காட்டியது. அந்தப் பழைய கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைபிடிப்பவர்களுக்கும் முன்பு புகைபிடித்தவர்களுக்கும் அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதால், 2013-ல் வெளியான ஏரெட்ஸ் 2 என்ற இரண்டாம் ஆய்வுக்குப் பிறகு லூட்டீனும் ஜியாசாந்தினும் அந்த இடத்தைப் பிடித்தன. இன்னும் பீட்டா கரோட்டினோடு வரும் டப்பாக்களைத் தவிர்த்துவிடுங்கள். கண்புரையை இந்தக் காப்ஸ்யூல் தடுக்காது. நல்ல கண் உள்ளவருக்கு முன்காப்பாகவும் ஆகாது.

அட்டையில் இருக்கும் 'நினைவாற்றல்' என்ற சொல்தான் கோபமூட்டுகிறது. அதே ஏரெட்ஸ் 2 ஆய்வில் பங்கேற்ற முதியோரின் நினைவுத்திறனைத் தொடர்ந்து சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். லூட்டீன், ஜியாசாந்தின், ஒமேகா 3 எதனாலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. நினைவுக்காக மட்டும் வாங்குவது வீண் செலவு.

கண்ணுக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவை, மறதிநோயின் மாற்றக்கூடிய 14 காரணிகளில் ஒன்றாக 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் சேர்த்தது. 2022-ல் வந்த ஓர் ஆய்வில், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களிடம் மறதிநோய் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தது. போன பார்வையைத் திருப்பித் தராத கண்ணழுத்த நோய் (கிளாக்கோமா) அறுவையில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. இவை காரணத்தை நிரூபிக்கும் ஆய்வுகள் அல்ல, ஆனாலும் திசை தெளிவு. மங்கலாகத் தெரிவதைப் புரிந்துகொள்ளவே மூளை உழைத்தால் நினைவில் பதியவைக்க மிச்சம் குறைகிறது. வாசிப்பும் நடமாட்டமும் பேச்சுத்துணையும் கூடவே சுருங்குகின்றன. ஆகவே கையில் இருக்கும் பணம் முதலில் சரியான கண்ணாடிக்கும், தேவைப்பட்டால் புரை அறுவைக்கும் போகட்டும்.

நினைவுச் சோதனைக்குப் போகிறவர் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப்போக வேண்டும். பரவலாகப் பயன்படும் மோக்கா சோதனையின் 30 மதிப்பெண்ணில் 8, எண்களையும் எழுத்துகளையும் கோட்டால் இணைப்பது, கனசதுரமும் கடிகாரமும் வரைவது, விலங்குப் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது ஆகியவற்றுக்கு உரியவை. கண் தெரியாததால் போன மதிப்பெண் மறதிக் கணக்கில் ஏறிவிடும். பார்வை மிகக் குறைந்தவர்களுக்கு 22 மதிப்பெண் கொண்ட தனிப் பதிப்பு இருக்கிறது, கேட்டுப் பெறலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் ஈ அளவை மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்க வேண்டும். ஏற்கெனவே மல்டிவைட்டமின் போடுபவர்கள் இரண்டிலும் உள்ள துத்தநாகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

காப்ஸ்யூல் போட்டாலும், நடுவில் புள்ளி வைத்துக் கட்டம் போட்ட ஆம்ஸ்லர் தாளில் பார்வையைச் சோதிப்பதை விடாதீர்கள். வாசிப்புக் கண்ணாடியோடு, 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பாருங்கள். பிறகு மறு கண். நேர்க்கோடு நெளிந்தால் அடுத்த மாத்திரைக்குக் காத்திராமல் உடனே விழித்திரை மருத்துவரிடம் போங்கள்.