பாண்டி நாடக கிளாஸ்: கடலூர்லேர்ந்து ஆறு மாசம் போயிட்டு வந்தவனோட ரிவ்யூ

பாண்டியில ஒரு ஸ்கூல்ல சனிக்கிழமை மதியம் 3 மணிலேர்ந்து 6 மணி வரைக்கும் நாடக கிளாஸ் நடக்குது, அந்த ஸ்கூல் பசங்க மட்டும் இல்லாம வெளி ஸ்கூல் பசங்களையும் சேத்துக்கறாங்க. ஸ்கூல் பேரு போடல, பாதிக்கு மேல திட்டப்போறேன், அதனால. நான் பிளஸ் ஒன், வீடு கடலூர் மஞ்சக்குப்பம். மாசம் 700 ரூபா பீஸ், பஸ் காசு தனி.

சேந்த காரணம் ஒண்ணும் பெருசா இல்ல. கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு ரெண்டு வரி படிக்கச் சொன்னாலே எனக்கு தொண்டை அடைச்சிக்கும், எங்க அம்மாவோட பிரெண்டு பையன் இங்க போய் நல்லா பேசுறான்னு கேள்விப்பட்டு அம்மா போயி பணத்தை கட்டிட்டு வந்துட்டாங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கல. நானும் சரி சினிமா மாதிரி அழ சொல்லிக் குடுப்பாங்க, கோவப்பட சொல்லிக் குடுப்பாங்கன்னு நெனச்சு போனா மொத மாசம் முழுக்க நடிப்புங்கிற வார்த்தையே வரல. தரையில மல்லாக்க படுக்க வச்சு வயித்து மேல நோட்டு புக் வச்சு மூச்சு விட சொன்னாரு மாஸ்டர். நோட்டு மேல போகணும் கீழ வரணும், நெஞ்சு அசையக்கூடாது. ரெண்டு பசங்க அப்படியே தூங்கிட்டாங்க, ஒருத்தன் குறட்டை.

ஆனா ரெண்டாவது மாசம் ஒரு பயிற்சி வந்துச்சு, இந்த கிளாஸுக்கு குடுக்குற காசு அதுக்கே சரியா போச்சு. மாஸ்டர் ஒரு பேப்பர் பேனா எடுத்துட்டு ஸ்கூல் கேட் பக்கத்துல போய் முதுகு காட்டி நின்னுக்குவாரு. நாம இந்தப் பக்கம் ஸ்டேஜ்ல நின்னு ஒரு வரி சொல்லணும், கத்தக்கூடாது, கத்துனா திரும்பி வந்து மறுபடி மொதல்லேர்ந்து. அவருக்கு காதுல விழுந்ததை அப்படியே எழுதுவாரு. நான் சொன்னது "மணி எவ்ளோ ஆச்சு". அவர் எழுதுனது "மழ ஓஞ்சா". எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா அது உண்மைதான், நான் எல்லா வார்த்தையிலயும் கடைசி எழுத்தை முழுங்கிடறேன். நாலு வாரம் ஆச்சு அவரு நான் சொன்னதை சரியா எழுத. அந்த பேப்பரை கேட்டு வாங்கி வச்சிருக்கேன்.

அப்புறம் ரெண்டு சனிக்கிழமை தெருக்கூத்து வாத்தியார் ஒருத்தரை கூட்டிட்டு வந்தாங்க, விழுப்புரம் பக்கத்துலேர்ந்து. வயசு அறுபதுக்கு மேல இருக்கும், சாதாரணமா பேசுனா பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காது, பாட ஆரம்பிச்சா ஸ்கூல் வாட்ச்மேன் வந்து எட்டிப் பாக்குறாரு. ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய ஆடுற ஆளுங்க, தொண்டையை எப்படி காப்பாத்தறாங்கன்னு கேட்டதுக்கு சிரிச்சாரே ஒழிய பதில் சொல்லல. ரெண்டு பேரு திரை பிடிக்க, ராஜா வேஷம் திரைக்கு பின்னாடியே நின்னு தான் யாருன்னு பாடிட்டு அப்புறமாத்தான் வெளிய வரணும், அதுக்கு முன்னாடியே கட்டியக்காரன், அதான் கூத்துல வர்ற கோமாளி, வந்து ஜனங்கள சிரிக்க வச்சு ரெடி பண்ணி வச்சிருப்பான், இதெல்லாம் எங்க தாத்தா ஊர்ல திரௌபதி அம்மன் திருவிழாவுல பாத்ததுதான், ஆனா பாக்குறப்ப இதுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்குன்னு தெரியாது. அவரு என் கையை புடிச்சு ஒண்ணு சொன்னாரு, "தம்பி, உன் கை எங்க போவுதோ ஜனங்க கண்ணு அங்கதான் போவும், சும்மா ஆட்டாத." அடவு, அதான் கூத்து ஆட்டத்தோட ஸ்டெப், எனக்கு சுத்தமா வரல, அது வேற விஷயம்.

ஒரு நாள் எல்லாரையும் கருவடிக்குப்பம் கூட்டிட்டு போனாங்க, அந்தக் காலத்து நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதிக்கு. 1922ல பாண்டியிலதான் செத்தாருன்னு எனக்கு அன்னைக்குதான் தெரியும், இவ்ளோ நாளும் மதுரைக்காரர்னு நெனச்சிட்டு இருந்தேன். சின்ன பசங்கள வச்சே நாடகக் கம்பெனி நடத்துனவரு, நம்ம வயசு கூட இல்ல, அதுக்கும் சின்னவங்க, மைக் இல்லாத காலத்துல அத்தனை ஜனத்துக்கு நடுவுல பாடி பேசியிருக்காங்க. காலாப்பட்டுல யுனிவர்சிட்டி இருக்குல்ல, அதுல நிகழ்கலைத் துறைக்கு அவரு பேருதான் வச்சிருக்காங்க, அங்க படிக்கிற ஒரு அக்கா எங்களுக்கு உதவிக்கு வருவாங்க. மாஸ்டர் லீவு போட்ட ரெண்டு வாரமும் அவங்கதான் எடுத்தாங்க, சொல்லப்போனா இன்னும் நல்லா எடுத்தாங்க.

இப்ப ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நாங்க போட்ட நாடகத்துக்கு வரேன். பாரதியார் பத்து வருஷம் பாண்டியில இருந்துட்டு 1918 நவம்பர்ல கடலூர் பக்கம் பிரிட்டிஷ் எல்லைக்குள்ள கால வச்ச உடனே புடிச்சு, நவம்பர் 20லேர்ந்து டிசம்பர் 14 வரைக்கும் கடலூர் ஜெயில்ல போட்டாங்கல்ல, அதுதான் கதை. மாஸ்டர் எழுதுனது, 25 நிமிஷம். பாரதியார் வேஷம் அந்த ஸ்கூல் பையனுக்கே போச்சு, எனக்கு எல்லைல நிக்கிற போலீஸ், ஒரே ஒரு வரி, "வண்டியை நிறுத்து". கடுப்பாதான் இருந்துச்சு, ஒரு வரிக்கு வாரா வாரம் 22 கிலோமீட்டர் பஸ்ல வரணுமான்னு.

ஆனா யோசிச்சு பாருங்க, நான் தினுசு தினுசா கத்தி பாத்துட்டு இருந்த அந்த சீனு எனக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஜன்னல்லயே ஓடிட்டு இருந்துச்சு. பாண்டிலேர்ந்து வந்தா கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட், இன்னைக்கும் அங்க நிறுத்தி பாண்டி சரக்கு இருக்கான்னு பை பையா பாப்பாங்க. அங்க ஒரு கான்ஸ்டபிள் இருந்தாரு, கத்தவே மாட்டாரு. இடது கையில டீ கிளாஸ், வலது கையை இடுப்பு உயரத்துக்கு தூக்குவாரு, அவ்ளோதான், பைக்கு தானா ஓரம் கட்டும். பையை தொறன்னு கூட சொல்றது இல்ல, பையை ஒரு பார்வை பாப்பாரு, அவனே ஜிப்பை இழுப்பான். மூணு வாரம் அவரையே பாத்துட்டு வந்து கிளாஸ்ல அதே மாதிரி செஞ்சு காட்டுனேன், மாஸ்டர் ஒண்ணும் சொல்லாம அந்த வரியை ஸ்கிரிப்ட்ல அடிச்சிட்டு "எங்க போவுது வண்டி" ன்னு மாத்தி எழுதுனாரு, மெதுவா சொல்லுன்னாரு.

டிரஸ் ரிகர்சல் கிரவுண்டுல வேப்ப மரத்தடியில நடந்துச்சு. வாடகைக் கடையில 1918 போலீஸ் டிரஸ்ஸுக்கு எங்க போறது, இப்ப போடுற காக்கியே குடுத்தாங்க, அதுலயும் கான்ஸ்டபிளுக்கு தோள்ல ரெண்டு ஸ்டார். சைக்கிள் சக்கரம் ரெண்டு வச்சு செஞ்ச வண்டியில பாரதியார் வராரு, நான் கையை தூக்குறேன், சொல்றேன், அந்த நேரம் பாத்து டீ கொண்டு வர்ற அண்ணன் டிவிஎஸ் 50ல கேட்டுக்குள்ள வந்தவரு டக்குனு பிரேக் போட்டு காலை ஊனிட்டு சட்டைப் பாக்கெட்ல கை விட்டுட்டாரு லைசென்ஸுக்கு. மொத்த கிளாஸும் உருண்டு பெரண்டு சிரிச்சுது. அவரு அப்புறம் ஒரு வாரம் எனக்கு மட்டும் டீயில சக்கரை கம்மியா போட்டாரு.

சரி, ஆண்டு விழா. ரெண்டு வாரம் இருக்கும்போது ஆபீஸ்லேர்ந்து வந்து சொல்லிட்டாங்க, டயலாக் எல்லாம் முன்னாடியே ரெக்கார்ட் பண்ண டிராக் போட்டுதான், லைவ் கிடையாது. ஹால்ல எக்கோ, மைக் பத்தாது, சீப் கெஸ்ட் சீக்கிரம் கெளம்பணும், 25 நிமிஷத்தை 9 நிமிஷமா வெட்டு. ஒரு வகையில அவங்க கஷ்டமும் புரியுது, 400 பசங்க மேக்கப் போட்டு வரிசைல நிக்கும்போது ஒரு நாடகத்துக்கு மைக் செட் பண்ணிட்டு இருக்க முடியாது. ஆனா ஆறு மாசம் வயித்துல நோட்டு வச்சு மூச்சு விட்டது எதுக்கு? வாய் அசைக்கவா? இந்த ஸ்கூல்னு இல்ல, எல்லா ஸ்கூல்லயும் ஆண்டு விழான்னா இதே கதைதான், என் தங்கச்சி ஸ்கூல்லயும் இப்படித்தான்.

டிராக்ல நம்ம குரலாவது இருக்கும்னு பாத்தா அதுவும் இல்ல, யாரோ ஸ்டுடியோ ஆளு பேசியிருக்காரு. பழைய வரிதான், "நிறுத்துடா வண்டியைய்ய்ய்", சினிமா வில்லன் மாதிரி, எக்கோவோட. நான் மெதுவா கையை தூக்குறேன், மேலேர்ந்து இந்த சத்தம் இடி மாதிரி விழுது, மொத வரிசையில ஒரு குழந்தை அழுதுடுச்சு. அம்மா போன்ல வீடியோ எடுத்துட்டு வந்து, ஏன்டா உன் குரல் இவ்ளோ கனமாயிடுச்சான்னு கேக்குறாங்க. அது நான் இல்லம்மான்னு சொல்லவே அரை மணி நேரம் ஆச்சு. மாஸ்டர் அன்னைக்கு சைடுல நின்னுட்டு ஒண்ணுமே பேசல, அவரு ஆபீஸ்ல ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்கலாம்னு எனக்கு இன்னும் ஒரு வருத்தம் இருக்கு.

மத்தபடி கிளாஸ் ரூம்ல ரெண்டு பேன், அதுல ஒண்ணு சுத்தாது, ஏப்ரல் மே சேராதீங்க. தண்ணி பாட்டில் கொண்டு போங்க. பொண்ணுங்களுக்கு தனி பாத்ரூம் சனிக்கிழமை பூட்டியே இருக்கும், சாவிக்கு வாட்ச்மேன தேடணும், இதை அந்த அக்காவே ரெண்டு தடவை சொல்லியும் மாறல. கடலூர் பசங்களுக்கு: 6 மணிக்கு விட்டா மழைக்காலத்துல வீடு சேர 8 ஆயிடும், அரியாங்குப்பத்துல டிராபிக் மாட்டுனா இன்னும் லேட்டு.

கிளாஸுக்கு 5க்கு 4, ஆண்டு விழாவுக்கு 1, அந்த 1 கூட சைக்கிள் சக்கர வண்டிக்கு. ஜூன்ல மறுபடி சேரப்போறேன், ஆண்டு விழா நாடகத்துல நான் இருக்க மாட்டேன்னு மொதல்லயே சொல்லிட்டேன், அக்கா பீச்சுல மைக் இல்லாம ஒரு தடவை போடலாம்னு சொல்லியிருக்காங்க, பர்மிஷன் கெடைக்கணும். போன வாரம் கெமிஸ்ட்ரி செமினார் எடுத்தேன், கடைசி பெஞ்ச்ல இருந்தவன் எழுந்து "டேய் மெதுவா பேசு, தூங்க முடியல" ன்னான்.