சுங்கை சிப்புட் ஸ்பேர்பார்ட்ஸ் கடை: ஆம்ப் கட்ட எதை இங்கே வாங்கலாம், எதை வாங்கக்கூடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதியில் டிவி, ரேடியோ, மின்விசிறி பழுதுபார்க்கும் தவுக்கே (கடை முதலாளி) ஒருவரின் கடை இருக்கிறது. முன்பக்கம் ரிமோட், பேட்டரி, ஏரியல் ஒயர். உள்ளே போனால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் உதிரிபாகங்கள். சொந்தமாக ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) கட்ட ஆசைப்படும் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் படியேறுவது இங்கேதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: டிரான்ஸ்பார்மர், பெரிய கப்பாசிட்டர், டயோட் பிரிட்ஜ், ரெசிஸ்டர், ஃபியூஸ், ஒயர், ஹீட்சிங்க் எல்லாவற்றுக்கும் இந்தக் கடை போதும். ஸ்பீக்கரை ஓட்டும் சில்லான பவர் ஐசியை மட்டும் இங்கே வாங்காதீர்கள். மற்ற பாகங்களைக் காசு கொடுப்பதற்கு முன்பே மல்டிமீட்டரால் சோதித்துவிடலாம். பவர் ஐசி போலியா அசலா என்பது பெட்டியை மூடி, சத்தத்தைக் கூட்டி, ஸ்பீக்கர் கருகிய பிறகுதான் தெரியும்.

ஒரு கணக்குக்காக எல்எம்3886 என்ற பவர் ஐசி இரண்டு வைத்த ஸ்டீரியோ ஆம்பையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் 4 ஓம், 8 ஓம் ஸ்பீக்கர் எதற்கும் அது பொருந்தும்.

தவுக்கேயிடம் டிரான்ஸ்பார்மர் கேட்டால் இரண்டு வகை எடுத்து வைப்பார்: புதிய டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்பார்மர்), பழைய கராவோக்கே ஆம்பிலிருந்து கழற்றிய சதுர டிரான்ஸ்பார்மர். பழையது மட்டம் இல்லை. பல நேரம் அதுதான் கனமான சரக்கு. ஆனால் எதை எடுத்தாலும் பிரைமரியில் (வீட்டு மின்சாரம் நுழையும் சுற்றில்) என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்று குறிக்கப்பட்டாலும் 10 சதவீதம் கூடவும் 6 சதவீதம் குறையவும் இடமுண்டு. 253 வோல்ட் வரை வரலாம். கடையில் உள்ள பல டிரான்ஸ்பார்மர்கள் 220 வோல்ட்டுக்குச் சுற்றியவை. அப்படிப்பட்ட 18-0-18 (நடுக் கம்பியிலிருந்து இரு பக்கமும் 18 வோல்ட் தருவது) ஒன்றை 253 வோல்ட்டில் மாட்டினால் செகண்டரி (வெளிவரும் சுற்று) 18க்குப் பதிலாக ஏறக்குறைய 20.7 வோல்ட் தரும். டயோட் பிரிட்ஜும் கப்பாசிட்டரும் அதை டிசி ஆக்கும்போது 1.414 மடங்காகி ஒவ்வொரு ரெயிலிலும் (ஐசிக்குப் போகும் பாசிட்டிவ், நெகட்டிவ் மின்வழிகள்) 29 வோல்ட். சுமை இல்லாத நேரத்தில் இன்னும் கொஞ்சம் ஏறி 32 வோல்ட்டைத் தொடும். தவுக்கே வழக்கமாக எடுத்துக் கொடுக்கும் 35 வோல்ட் கப்பாசிட்டர் இங்கே விளிம்பில் நிற்கிறது. 50 வோல்ட் கேளுங்கள், இருந்தால் 63 வோல்ட்.

"பவர் கூட வரும், 25-0-25 எடு" என்று கடையில் யாராவது சொல்வார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது வேண்டாம். அதே 220 வோல்ட் சுற்றில் ஒவ்வொரு ரெயிலும் 40 வோல்ட்டைத் தாண்டிவிடும். சிக்னல் ஓடும்போது இரண்டு ரெயிலும் சேர்ந்து 84 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது எல்எம்3886இன் வரம்பு. அந்த வரம்பைத் தொடாவிட்டாலும், அவ்வளவு வோல்ட்டில் 4 ஓம் சுமையைப் பார்த்ததும் ஐசிக்குள் இருக்கும் பாதுகாப்பு வேலை செய்து பாஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் கரகரக்கும். "ஐசி டூப்ளிகேட்" என்று குறைபடும் பலருக்கு உண்மையில் கோளாறு டிரான்ஸ்பார்மரில்தான். 18-0-18 வைத்தால் 4 ஓமில் சேனலுக்குச் சுமார் 50 வாட் கிடைக்கும். ஒரு ஹாலுக்கு அது தாராளம்.

டொராய்டில் 160 வீஏ (டிரான்ஸ்பார்மரின் சக்தி அளவு) என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தராசில் வையுங்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் கணிசமாகக் குறைந்தால் ஸ்டிக்கர் பொய். பிறகு மீட்டரை ஓமில் வைத்து, பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே தொடர்பே இல்லை என்றும், நடுக் கம்பியிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழையதில் பிரைமரி திறந்து கிடந்தால் உள்ளே இருக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கடையின் பெரிய நல்ல குணம், கேட்டால் தவுக்கே அங்கேயே பிளக் மாட்டி ஏசி வோல்ட்டை அளந்து காட்டுவார். இணையத்தில் எந்த வியாபாரியும் இதைச் செய்ய மாட்டார்.

பெரிய கப்பாசிட்டர் ரெயிலுக்கு 10,000 மைக்ரோஃபாரட் வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பிரிட்ஜுக்குப் பிறகு நொடிக்கு 100 முறை நிரம்பும்; 2 ஆம்பியர் இழுக்கும்போது இந்த அளவில் ரிப்பிள் (வோல்ட் ஏறி இறங்கும் அளவு) 2 வோல்ட்டுக்குள் நிற்கும். 4,700 வைத்தால் அது இரண்டு மடங்கைத் தாண்டும். சிறிய கப்பாசிட்டருக்குப் பெரிய டப்பா போட்டு, மேலே பெயர்போன பிராண்டு உறை சுற்றி விற்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரே அளவு எழுதிய இரண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் காற்றாக இருந்தால் ஒதுக்குங்கள். கப்பாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டர் கொண்டு போவது இன்னும் நல்லது. 85 டிகிரி சரக்கைவிட 105 டிகிரி எடுங்கள்: 10 டிகிரி குறைவாக ஓடினால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயிலில் மூடிய பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டே இதை முடிவு செய்யுங்கள். இழுப்பறையில் பல வருடம் கிடந்த கப்பாசிட்டரை நேராக முழு வோல்ட்டில் மாட்டாமல், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மெதுவாக ஏற்றிய பிறகு பயன்படுத்துங்கள்.

ரெசிஸ்டர், மெட்டல் ஃபிலிம் 1 சதவீதம் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்; சொல்லாவிட்டால் பழுதுபார்ப்புக்கு வைத்திருக்கும் கார்பன் வகை வரும். 1 கிலோ ஓமும் 22 கிலோ ஓமும் சேர்ந்தால் கெயின் (சிக்னலைப் பெருக்கும் மடங்கு) 23. இந்த ஐசி 10க்குக் கீழே கெயின் வைத்தால் ஊளையிட ஆரம்பித்துவிடும், ஆகவே "சத்தம் அதிகம்" என்று ரெசிஸ்டரை மாற்றிக் கெயினைக் குறைக்காதீர்கள். அவுட்புட்டுக்கு 2.7 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கப்பாசிட்டரும் போதும். இரண்டும் இங்கே கிடைக்கும்.

வால்யூம் கண்ட்ரோலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே பி50கே என்று இருந்தால் லீனியர் (சீராக ஏறுவது), ஏ50கே என்று இருந்தால் லாக் (முதலில் மெதுவாக ஏறுவது). ஆம்புக்கு வேண்டியது ஏ. கடையில் பி அதிகம் இருப்பதால் கேட்காதவருக்கு பி வரும். திருகைத் தொட்டதுமே வீடு அதிரும், அதற்கு மேல் திருகினாலும் பெரிய மாற்றம் தெரியாது. மேலே என்ன அச்சடித்திருந்தாலும் திருகைச் சரியாகப் பாதியில் நிறுத்தி, எந்தப் பக்கம் திருப்பினால் குறைகிறதோ அந்தப் பக்கக் காலுக்கும் நடுக் காலுக்கும் இடையே அளங்கள். 25 கிலோ ஓம் வந்தால் லீனியர், ஏழெட்டுக் கிலோ ஓம் வந்தால் லாக். ஸ்டீரியோவுக்கு இரண்டு பக்கமும் பாதியிலும் கால்வாசியிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எடுங்கள்.

ஃபியூஸ் சின்ன விஷயம், ஆனால் கவனம் வேண்டும். டொராய்டு மாட்டியதும் ஒரு கணம் நிறைய மின்சாரம் இழுக்கும். கண்ணாடிக் குழாயின் உலோகத் தொப்பியில் எஃப் என்று இருந்தால் அது வேகமாகப் போகும் வகை. டி என்று இருக்கும் மெதுவான 1.6 ஆம்பியர்தான் 160 வீஏவுக்குச் சரி. எஃப் போட்டுத் திரும்பத் திரும்ப எரிந்தால் பெரியதாக மாற்றி வைப்பது ஆபத்து. உலோகப் பெட்டி என்றால் மூன்று கோர் ஒயர்தான்; பச்சை-மஞ்சள் கம்பியைப் பெட்டியில் திருகி இறுக்க வேண்டும்.

ஹீட்சிங்க் கடையில் எடைக்குக் கிடைக்கிறது. 18-0-18 சாதாரண நேரத்தில் தரும் ±25 வோல்ட்டில், 4 ஓமில் ஒரு ஐசி அதிகபட்சம் 32 வாட் வரை சூடாக்கும். பெட்டிக்குள் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஐசிக்கும் சேர்த்து ஒவ்வொரு வாட் சூட்டுக்கும் 1 டிகிரி மட்டும் ஏறும் அளவிலான ஹீட்சிங்க் வேண்டும். ஒரு செருப்பு அளவுக்கு, துடுப்புகள் உயரமாக உள்ள அலுமினியத் துண்டைப் பாருங்கள். எல்எம்3886டி என்ற வகையின் உலோக முதுகு நெகட்டிவ் ரெயிலோடு இணைந்தது. மைக்கா தாளும் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் திருகினால், எர்த் செய்த பெட்டி வழியாக நெகட்டிவ் ரெயில் ஷார்ட் ஆகிவிடும். டிஎஃப் என்று முடியும் வகைக்கு முதுகு பிளாஸ்டிக் மூடியது. மைக்கா தேவையில்லை, சூடு மட்டும் கொஞ்சம் மெதுவாக இறங்கும்.

இனி ஐசி. கடையிலும் ஷோப்பி, லசாடா என்ற இணையச் சந்தைகளிலும் அதை மலிவாகக் கொடுப்பவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கே அவர் சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எல்எம்3886ஐ இப்போது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விற்கிறது; 2011இல் நேஷனல் செமிகண்டக்டரை அந்நிறுவனம் வாங்கியது. மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்கள் மலேசியாவுக்கு அனுப்புகிறார்கள். ஒன்றுக்காக அனுப்பும் செலவு கட்டாது, ஆகவே நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற பவர் டிரான்சிஸ்டருக்கும் இதே விதிதான்; போலி அதிகம் புழங்குவது அவற்றில்தான். போர்டு மட்டும் சீனாவிலிருந்து வாங்குவதில் தவறில்லை, ஐசியோடு வரும் கிட் வேண்டாம். மின்னணுப் பாகக் கடைகள் உள்ள கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் போகிறவர்கள் (மஸ்ஜிட் ஜாமேக்கில் மாறி பூடு எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்) பெட்டி, கனெக்டர், நல்ல ஹீட்சிங்க் எடுத்து வாருங்கள். அங்கேயும் பவர் ஐசியைக் கண்ணால் பார்த்து நம்ப முடியாது.

ப்ரீஆம்புக்கு (ஆம்புக்கு முன்னால் சிறிய சிக்னலைத் தயார் செய்யும் பகுதி) வைக்கும் என்இ5532 ஐசி மட்டும் விதிவிலக்கு. அதைத் தவுக்கேயிடமே வாங்கிச் சோதிக்கலாம்: ±15 வோல்ட் கொடுத்து இழுக்கும் மின்சாரத்தை அளந்தால் அசல் சுமார் 8 மில்லிஆம்பியர் காட்டும். 3, 4 என்று காட்டினால் மேலே பெயர் மாற்றிய 4558 என்ற வேறு ஐசியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது கோழிக்குஞ்சுக் கூண்டுக்கு வாங்கும் 60 வாட் குண்டு பல்பை லைன் கம்பியில் தொடராக மாட்டுங்கள். தவுக்கேயிடம் இன்னும் இருக்கிறது. ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, அப்படியே பிரகாசமாக நின்றால் உடனே நிறுத்தி ஷார்ட் தேடுங்கள். பல்ப் மங்கியும் சத்தமே வரவில்லை என்றால் ஐசியைக் கழற்றுவதற்கு முன் 8ஆம் காலைப் பாருங்கள். அது மியூட் கால். அதிலிருந்து அரை மில்லிஆம்பியராவது நெகட்டிவ் ரெயிலுக்கு இழுக்காவிட்டால் ஐசி வாயைத் திறக்காது. −25 வோல்ட்டுக்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும், அதுவும் அந்த இழுப்பறையிலேயே இருக்கும்.