ரோடு சைக்கிள் பாகங்கள்: வழியில் பழுதானால் எது கை கொடுக்கும்?

ரோடு சைக்கிளுக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது எடை, கியர் மாறும் வேகம், தோற்றம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். உதவி வாகனம் பின்தொடராத நீண்ட பயணத்துக்குக் கிளம்புகிறவர் இவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டாக வேண்டும். இந்தப் பாகம் கெடுவதற்கு முன் ஏதேனும் அறிகுறி காட்டுமா? கெட்ட பிறகு, சீட்டுக்கு அடியில் உள்ள பையில் இருப்பதைக் கொண்டே சாலையோரத்தில் அதைச் சரிசெய்ய முடியுமா? பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போன்ற 1,200 கி.மீ. பயணங்களில், கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு இடையே பழுதை ஓட்டுநரே சமாளிக்க வேண்டும் என்பது விதி. அத்தகைய பயணத்துக்கு இந்த இரண்டு கேள்விகளும் எடையைவிட முக்கியமானவை.

முதலில் கியரை எடுத்துக்கொள்வோம். கேபிளால் இயங்கும் கியருக்கும் மின்னணுக் கியருக்கும் இடையிலான வேறுபாடு, கெட்டுப்போகும் விதத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. கியர் கேபிள் 1.2 மி.மீ. தடிமன் கொண்ட முறுக்குக் கம்பி. ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் கேபிள் ஓடும் கியர் லீவர்களில், அது லீவரின் உள்ளேயே கூர்மையாக வளைவதால், கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான் இழை இழையாகப் பிய்யத் தொடங்குகிறது. ஆனால் அறிகுறி உண்டு. முந்தைய நாள் வரை சரியாக மாறிக்கொண்டிருந்த பின்கியர் திடீரெனத் தயங்கினால், டெரெய்லரை (சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) திருகிச் சரிசெய்ய முனைவதற்கு முன், சங்கிலியை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கி, லீவரின் ரப்பர் உறையை மடக்கி, கேபிளின் தலைப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஓரிரு இழைகள் சிலிர்த்து நின்றால் அன்றே மாற்றிவிடுவது நல்லது. முழுவதும் அறுந்த பிறகு லீவருக்குள் சிக்கிக்கொள்ளும் தலையை வெளியே எடுப்பது மிகுந்த பொறுமையைக் கேட்கும் வேலை.

அப்படியே அறுந்துபோனாலும் பயணம் நின்றுவிடாது. டெரெய்லரின் ஸ்பிரிங் சங்கிலியைச் சிறிய பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும். டெரெய்லர் நகரும் எல்லையைக் கட்டுப்படுத்தும், அந்தப் பக்கத்துத் திருகை உள்ளே முறுக்கினால், சற்றுப் பெரிய ஒரு பல்சக்கரத்தில் அதை நிறுத்தி, முன்பக்கத்து இரண்டு வளையங்களையும் கொண்டு இரண்டு கியர்களோடு ஊர் போய்ச் சேரலாம். சுருட்டி வைத்த ஓர் உதிரிக் கேபிள் பையில் இடத்தையே அடைக்காது. பின்கியருக்குரிய நீளத்தில் வாங்கினால் முன்கியருக்கும் அதுவே போதும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேபிள் சைக்கிளின் சட்டத்துக்குள் (ஃபிரேம்) வெறும் கம்பியாக ஓடுகிறதா, அல்லது முழு நீளமும் உறைக்குள் ஓடுகிறதா? உறை இருந்தால் புதிய கம்பியைச் சில நிமிடங்களில் தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் அது சாலையோரத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல.

மின்னணுக் கியரில் அறுவதற்கு எதுவும் இல்லை. சரிசெய்த நிலை அப்படியே நிலைத்திருக்கும் என்பது பெரிய நன்மை. அதன் பலவீனம் பேட்டரியும் விபத்தும்தான். ஷிமானோ நிறுவனத்தின் டிஐ2 என்ற மின்னணுக் கியர் அமைப்பில் பேட்டரி தீரத் தொடங்கியதும் முதலில் முன்கியர் நின்றுவிடும். பின்கியர் இன்னும் சில காலம் இயங்கும். அதாவது முன்கியர் அசையாமல் போவதே கடைசி எச்சரிக்கை. அந்த பேட்டரி சட்டத்துக்குள் இருப்பதால் வழியில் கழற்றி மாற்ற இயலாது. மின்னேற்றும் கேபிளையும் பவர் பேங்கையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஸ்ராம் நிறுவனத்தின் ஏஎக்ஸ்எஸ் என்ற மின்னணுக் கியர் அமைப்பில் இரண்டு டெரெய்லர்களிலும் ஒரே வகைச் சிறு பேட்டரி வெளியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பின்னது தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். லீவர்களுக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அதிலும் ஒன்று கையில் இருக்க வேண்டும். மின்னணுக் கியர்தான் வேண்டும் என்று முடிவு செய்த நீண்ட தூரப் பயணிக்கு, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உள்ள அமைப்பையே நான் பரிந்துரைப்பேன். முடிவு செய்யாதவருக்கு என் பரிந்துரை இன்னும் கேபிள்தான். கீழே விழுந்து மின்னணு டெரெய்லர் உடைந்தால் மாற்று கிடைப்பது கடினம். கேபிளோ சாதாரண சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

டயரைப் பொறுத்தவரை, ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் முறைக்கு மாறியவர் ட்யூபைத் துறந்துவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. ரோடு டயர் ஒன்றுக்கு 30 முதல் 60 மி.லி. வரை ஊற்றப்படும் அடைப்புத் திரவம் முள், கண்ணாடித் துணுக்கு போன்றவை இடும் சிறு துளைகளை ஓட்டுநர் அறியாமலேயே மூடிவிடுகிறது. சற்றுப் பெரிய துளையை ரப்பர் இழையைச் செருகி அடைக்கலாம். ஆனால் பக்கச் சுவர் கிழிந்தால் உள்ளே ஒரு பழைய டயர்த் துண்டை வைத்து, ட்யூபைப் போட்டே ஆக வேண்டும். அப்போது மூன்று தடைகள் வரக்கூடும். வால்வின் நட்டு காய்ந்த திரவத்தால் இறுகியிருக்கலாம். ஆகவே அதைக் கையால் மட்டுமே இறுக்கி வைக்க வேண்டும். டயர் ரிம்மை விட்டு வராத அளவுக்குப் பிடித்திருக்கலாம். ஆகவே அந்த ஜோடியைக் கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுகிறது: திரவம் முன்பே அடைத்த முட்களின் முனைகள் டயருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். உட்பக்கம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவி அவற்றை அகற்றாவிட்டால், புதிய ட்யூப் போட்ட சில நிமிடங்களிலேயே பஞ்சராகும்.

ட்யூப் போட்ட டயரில் பஞ்சர் அடிக்கடி நேரலாம். ஆனால் ஒவ்வொரு பஞ்சரும் எல்லோருக்கும் தெரிந்த ஒரே முறையில் தீர்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருக்கும் சைக்கிளில் திரவம் காய்ந்துபோகும் என்பதால், எப்போதாவது ஓட்டுகிறவருக்கு ட்யூபே பொருத்தம். உதிரியாக எடுத்துச் செல்வதற்கு டிபியு (பிளாஸ்டிக் வகைப் பொருள்) ட்யூப் மிகவும் ஏற்றது. சுமார் 100 கிராம் எடையுள்ள வழக்கமான பியூட்டைல் ரப்பர் ட்யூபின் பாதி எடைகூட அதற்கு இருக்காது. அதற்குரிய ஒட்டுத் துண்டு தனி வகை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எந்த ட்யூபாக இருந்தாலும் வால்வின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்: 50 மி.மீ. ஆழமுள்ள ரிம்முக்கு 40 மி.மீ. வால்வு உதவாது. காற்றுக்கு, 16 கிராம் கரியமில வாயுக் குப்பி ஒரு டயரை நொடிகளில் நிரப்பும். ஆனால் ஒரு முறைதான். கைப்பம்புக்கு அந்த எல்லை இல்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால் பம்பை எடுங்கள்.

பிரேக்கில் முடிவு எளிது. ரிம் பிரேக்கில் எல்லாம் வெளியே தெரியும், எல்லாவற்றையும் அல்லன் கீயால் (அறுகோணச் சாவி) சரிசெய்யலாம். ஆனால் சக்கரம் கோட்டம் ஆனவுடன் உரசத் தொடங்கும். ஹைட்ராலிக் டிஸ்க்குக்குக் கோட்டம் பொருட்டல்ல. அதில் எண்ணெய் கசிந்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. அது அரிது. மழையில், சேற்றில், நீண்ட இறக்கங்களில் பிரேக் பேட் தேய்ந்து தீர்வதுதான் நடைமுறைப் பிரச்சினை. ஒரு ஜோடி உதிரி பேட் போதும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தக் கூடாது.

சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகளின் எண்ணிக்கையே என் அளவுகோல். 32 கம்பிகள் உள்ள சக்கரத்தில் ஒன்று ஒடிந்தால், பக்கத்துக் கம்பிகளை அரைச்சுற்று தளர்த்திக் கோட்டம் எடுத்துத் தொடரலாம். 20 கம்பிகள் மட்டுமே உள்ள சக்கரத்தில் ஒன்று ஒடிந்தாலே ரிம் சட்டத்தில் உரசக்கூடும். தலை வளைந்த கம்பிகள் கொண்ட ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி), கேசட்டை (பின்பல்சக்கரத் தொகுதி) கழற்றாமலேயே இழைக் கயிற்றாலான அவசரக் கம்பியைக் கட்டலாம். நேர்க் கம்பிக்கு அந்த மாடலுக்கே உரிய உதிரி தேவை. கம்பியை இறுக்கும் நிப்பிள் ரிம்முக்குள் மறைந்திருக்கும் சக்கரத்தில் டயரையும் டேப்பையும் கழற்றினால்தான் கோட்டமே எடுக்க முடியும். ட்யூப்லெஸ்ஸோடு அதைச் சேர்ப்பது நீண்ட பயணத்துக்குத் தவறான தேர்வு.

பெடல்களின் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டில், மரை உள்ளதா அழுத்திப் பொருத்துவதா என்ற விவாதம் வீட்டில் பராமரிப்பதைப் பற்றியது. இரண்டுமே சத்தமிட்டுக்கொண்டே பல நூறு கி.மீ. ஓடும். டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் அப்படியல்ல. வளைவதற்கென்றே செய்யப்பட்ட அந்தச் சிறு துண்டு சட்டத்துக்குச் சட்டம் மாறுபடும். ஸ்ராம் 2019-இல் கொண்டுவந்த பொது ஹேங்கர் பொருந்தும் சட்டம் என்றால் மாற்று கிடைப்பது எளிது. இல்லாவிட்டால் உங்கள் சட்டத்துக்குரியதை வாங்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள். சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்த பிறகு, பின்னால் நின்று டெரெய்லர் நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால், டெரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய்ச் சக்கரத்தையும் சேர்த்து அழித்துவிடும். சங்கிலி அறுந்தால் மாட்ட ஒரு ஜோடி விரைவு இணைப்பும், சங்கிலியின் ஊசியைத் தள்ளும் சிறு கருவியும் வேண்டும். 11 வேகச் (பின்னால் 11 பல்சக்கரங்கள் உள்ள) சங்கிலிக்குரிய இணைப்பு 12 வேகத்துக்குப் பொருந்தாது. ஸ்ராமின் தட்டைச் சங்கிலிக்கு அதற்கென்றே தனி இணைப்பு உண்டு.