ரூ.18,500 போச்சு, வண்டி இன்னும் சாஞ்சுதான் நிக்குது

நேத்து ராத்திரி தூக்கமே இல்லைங்க. எரிச்சல் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். கோயிலோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வர்ற ஷாக்கு, ஸ்பிரிங் செட்டு) போட்ட வண்டி வெச்சிருக்கிறவங்க, முக்கியமா பாலக்காடு, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் இருக்கிறவங்க படிச்சிடுங்க.

நான் கொழிஞ்சாம்பாறை. போன வருசம் பழைய ஸ்விஃப்ட் ஒண்ணு வாங்கினேன். முன்னாடி வெச்சிருந்த பையன் நாலு பக்கமும் கோயிலோவர் போட்டு வண்டியைத் தரையோட தரையா இறக்கி வெச்சிருந்தான். பார்க்க ஷோக்காத்தான் இருந்தது. ஆனா எங்க ஊர் வாய்க்கா மேட்டுல ஏறும்போதெல்லாம் அடியில கர்ருனு சத்தம். முட்டி வலியோட எங்கம்மா அதுக்குள்ள இறங்கி ஏறவே பத்து நிமிசம் ஆகும். சரி, ஒரு 25 மில்லிமீட்டர் ஏத்திக்கலாம், அவ்வளவுதானேன்னு கிளம்பினேன். என் புத்தி.

பாலக்காடு ரோட்டுல ஒரு மாடிஃபிகேஷன் கடை. பேரு போடல. வெளிய பெரிய ஸ்பாய்லர் வெச்ச வண்டி ரெண்டு நிக்கும், உள்ள ஏசி ரூம், சுவர் பூரா அலாய் வீலு. போனதும் ஒருத்தர் "வாங்கண்ணா, கோயமுத்தூர்ப் பக்கமா?"ன்னு சுத்தமான தமிழ்ல கேட்டார். இல்லைங்க, கொழிஞ்சாம்பாறைன்னேன். "அட, நம்மாளு"ன்னுட்டு டீ சொன்னார். அங்கயே விழுந்துட்டேன். அப்புறம் டேப் எடுத்து வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து என் முன்னாடியே பேப்பர்ல எழுதினார். "நாலு கார்னரும் மில்லிமீட்டர் பிசகாம வரும்ணா". இப்படி அளக்கிறவன் ஏமாத்துவானான்னு எனக்குத் தோணுச்சு. அந்த டேப்தாங்க என்னைக் கவுத்தது.

கணக்கைக் கேளுங்க. உயரம் செட்டிங் 4,500. "டாப் மவுண்ட் ரெண்டும் போயிடுச்சு" 9,000. லிங்க் ராடு ஜோடி 3,500. அலைன்மெண்ட் 1,500. மொத்தம் 18,500. ஜிபேயில முழுசும் முன்கூட்டியே வாங்கிக்கிட்டாங்க. பில்லு கேட்டேன், "வண்டி எடுக்கும்போது ஒண்ணா தர்றேண்ணா". வேலை நடக்கிற இடத்துக்குள்ள விடல, சேஃப்டியாம். நாலு மணி நேரம் அந்த ஏசி ரூம்ல உக்காந்து அலாய் வீலை எண்ணிட்டு இருந்தேன். வண்டி வந்தது, பில்லு வரல. அலைன்மெண்ட் சீட்டு மட்டும் மடிச்சுக் கையில குடுத்தாங்க.

நல்லேப்பிள்ளி தாண்டல, ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்குது. பள்ளத்துல இறங்கினா இடது முன்பக்கம் "டக்". வீட்டு வாசல்ல நிறுத்திப் பார்த்தா வண்டி கண்ணுக்குத் தெரியுற மாதிரி வலது பக்கம் சாஞ்சு நிக்குது. அவர் அளந்த மாதிரியே நானும் டேப் வெச்சு அளந்தேன். இடதுக்கும் வலதுக்கும் 22 மில்லிமீட்டர் வித்தியாசம்!

போன் பண்ணினேன். முதல் நாள்: "ஸ்பிரிங் உக்காரணும்ணா, ரெண்டு நாள் ஓட்டுங்க." ரெண்டு நாள் ஓட்டினேன், இன்னும் சாஞ்சது. அப்புறம்: "ஓனர் திருச்சூர் போயிருக்கார்." அதுக்கடுத்து போனே எடுக்கல. நேர்ல போனேன். டீ வாங்கிக் குடுத்த அதே ஆளு இப்ப தமிழே தெரியாத மாதிரி, "சேட்டா, அது நம்மட பணியல்ல, வண்டி பழயதல்லே"ங்கிறார். அதாவது அது அவங்க வேலையில்லையாம், வண்டிதான் பழசாம். யோவ், எனக்கும் மலையாளம் தெரியும்யா, பள்ளிக்கூடத்துலயே படிச்சவன். பதிலுக்கு மலையாளத்துலயே கேட்டேன். உடனே ஓனர் உள்ள இருந்து வந்தார் (திருச்சூர்ல இருந்து எப்ப வந்தாரோ). "கம்ப்ளெயிண்ட் குடுங்க, முதல்ல உங்க வண்டியைத்தான் ஆர்டிஓ பிடிப்பாங்க."

இதுல பாதி உண்மைங்கிறதுதான் வயித்தெரிச்சல். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி வடிவத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. அதே வருசம் வந்த திருத்தப்படி ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் போடலாம். இது தெரிஞ்சுதான் அந்தக் கடைக்காரன் அவ்வளவு தெம்பா நிக்கிறான். வர்றவன் எவனும் வாயத் திறக்க மாட்டான்னு.

கடைசியில எங்க ஊர் மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலைக் கழட்டினதும் என்னைக் கூப்பிட்டார். வலது பக்க ஸ்பிரிங்கைப் பிடிச்சு விரல்லயே சுத்தறார், கரகரன்னு சுத்துது. லாக் ரிங்கை இறுக்கவே இல்லை, ஸ்பிரிங்கைக் கீழ தாங்குற வளையம், அந்தக் காலர், தானா கீழ இறங்கியிருக்கு. இடது பக்கம் நேரெதிர். "உன்னுது முழு நீளம் மாத்தற டைப்புடா தம்பி. உயரம் வேணும்னா அடியில இருக்கிற பிராக்கெட்டைத் திருகணும். ஸ்பிரிங் கீழ இருக்கிற காலரைத் தொடவே கூடாது. இவனுக காலரை ஏத்திவிட்டு ஸ்பிரிங்கை அமுக்கி வெச்சிருக்கானுக" அப்படின்னார். வண்டி ஏறும்தான், ஆனா ஷாக் கீழ நீள்றதுக்கு மிச்சம் இடம் இருக்காது. பள்ளம் வந்தா முழுசா நீண்டுபோய் உள்ளயே முட்டும். அந்த "டக்" அதுதான். பிராக்கெட்டைத் திருகணும்னா லிங்க் ராடு, பிரேக் ஓஸ் கிளிப்பு எல்லாம் கழட்டணும், நேரமாகும். காலரைச் சுத்தறது சுலபம். சுத்தினதும் எதை வெச்சுத் தெரியுமா? பைப் ரிஞ்சு! மரை ரெண்டு மூணு சுத்துக்கு நசுங்கிக் கிடக்கு.

டாப் மவுண்ட்டுல பழைய ஓனர் அடிச்ச மஞ்சப் பெயிண்ட் அப்படியே இருக்கு. லிங்க் ராடுல துரு. 12,500 ரூபாய்க்கு ஒரு நட்டு கூட மாத்தல.

அப்பத்தான் அந்த அலைன்மெண்ட் சீட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். மேல வண்டிப் பேரு வேகன்ஆர்னு இருக்கு. யாரோடதோ! உயரம் மாறினா டோ, அதாவது வீல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்கிற அளவு, கட்டாயம் மாறும், அதை அப்படியே விட்டதுல முன் டயர் ரெண்டும் உள் ஓரம் ரம்பம் மாதிரி ஆயிடுச்சு. 18,500 குடுத்து டயரையும் சேர்த்துத் தேச்சிருக்கேன்.

என்ன பார்க்கணும்னு விவரமா எழுதறதாத்தான் இருந்தேன், முடியல. அவசரமா நாலு வார்த்தை. பில்லு இல்லாம பத்துப் பைசா குடுக்காதீங்க. வேலை நடக்கிற இடத்துல நிக்க விடலைன்னா சாவியை வாங்கிட்டு வந்துடுங்க. காலரைத் திருகறதுக்குன்னே இருக்கிற சி-ஸ்பேனர் இருக்கான்னு கேளுங்க. அலைன்மெண்ட் சீட்டுல வண்டிப் பேரைப் பாருங்க. கழட்டின பழைய பார்ட்டைக் கையில வாங்குங்க.

நான் நுகர்வோர் புகார் நம்பர் 1915-க்கு போன் பண்ணிச் சொல்லியாச்சு. என் வண்டிக்கு அபராதம் வந்தா வரட்டும். கோயிலோவரையே கழட்டிடலாம்னு பழைய செட்டு தேடிட்டு இருக்கேன், ஸ்விஃப்ட்டுக்கு நல்ல ஒரிஜினல் ஷாக்கு, ஸ்பிரிங் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. ஸ்டெப்னியை எடுக்கும்போது அடியில எண்ணெய்த் துணியில சுத்தி ரெண்டு சி-ஸ்பேனர் கிடந்தது. பழைய ஓனர் வெச்சது. நாலு மணி நேரம் அது அந்தக் கடைக்குள்ளயேதான் இருந்திருக்கு.