பென்னாகரம் ரோட்டு நைட் கடை: புரோட்டா சூப்பர், ஆனா அந்த பேச்ச மட்டும் ஓட்டி விடாதீங்கண்ணா

தருமபுரி நாலு ரோட்ல இருந்து பென்னாகரம் ரோட்டுல கொஞ்ச தூரம் வந்தா ஒரு நைட் கடை இருக்கு, பொழுது சாஞ்சதுக்கு அப்புறம்தான் அடுப்பே பத்த வைப்பாங்க, உள்ள செவுத்துல பெரிய டிவி, கிரிக்கெட் மேட்ச் இல்லாத நாள் பூரா அதுல பழைய ரெஸ்லிங்தான் ஓடும். சீரியல் கிடையாது, நியூஸ் கிடையாது, சாப்பிட வர்றவங்க சேனல மாத்த சொன்னாலும் மாத்த மாட்டாங்க. நம்ம ஊர்ல இப்படி ஒரு கடை இருக்கறது ரெஸ்லிங் பாத்து வளந்த நெறைய பேருக்கு தெரியல, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ.

சாப்பாடு பத்தி மொதல்ல சொல்லிடறேன். புரோட்டா நல்லா அடிச்சு லேயர் லேயரா வருது, எண்ணெய் வழியாது, சால்னா கொஞ்சம் தண்ணியா இருந்தாலும் சோம்பு வாசம் தூக்கலா இருக்கும். கொத்து புரோட்டா கேட்டா முட்டைய கஞ்சத்தனம் பண்ணாம போடறாங்க. ஆனா இங்க சாப்பிட வேண்டியது ராகி களியும் நாட்டுக்கோழி கொழம்பும்தான், களி கட்டி இல்லாம சூடா உருண்டையா வரும், கொழம்புல மொளகு காரம் தொண்டைல நிக்கும். விலை நம்ம ஊர் விலதான். கை கழுவற எடம் மட்டும் இன்னும் சுத்தமா வெச்சுக்கலாம். சாப்பாட்டுக்கு அஞ்சுக்கு நாலு தாராளமா குடுப்பேன்.

இப்ப டிவிக்கு வர்றேன். கடைக்கார அண்ணன் 2002ல டென் ஸ்போர்ட்ஸ் வந்தப்ப ராத்திரி முழிச்சிருந்து பாத்த ஆளு, ரெஸ்லிங் கார்டு வெச்சு வெளையாண்ட ஆளு, அண்டர்டேக்கர் பேர சொன்னா தோசை கரண்டிய கீழ வெச்சுட்டு பேச ஆரம்பிச்சிடுவாரு. 2025 ஏப்ரல்ல இந்தியால டபிள்யூடபிள்யூஈ ரெஸ்லிங் கம்பெனி நெட்ஃபிளிக்ஸுக்கு போனதுல இருந்து, வருஷா வருஷம் நடக்கற அவங்க பெரிய திருவிழாவான ரெஸில்மேனியால பழசு எல்லாம் தேடித்தேடி போடறாரு, மீதிய யூட்யூப்ல புடிக்கறாரு. என்ன போடணும்னு தெரிஞ்ச மனுஷன். ஆனா எனக்கு இருக்கற ஒரே கொறை இதுதான், மைக்க புடிச்சு யாராச்சும் பேச ஆரம்பிச்சா போதும், ரிமோட் எடுத்து ஓட்டி விட்டுடறாரு. நான் நேர்லயே கேட்டேன், "ண்ணா அத ஓட்டாதீங்கண்ணா, அதுதாண்ணா மேட்டரு"ன்னேன். "இங்கிலீசு யாருக்கு தம்பி புரியுது, சாப்பிட வர்றவன் அடிதடிதான கேக்கறான்"னாரு. கொத்து போடற சத்தத்துல ஒண்ணும் கேக்காதுங்கறதும் அவரு பக்கத்து நியாயம். இருந்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னு விலாவாரியா சொல்றேன்.

நம்ம பக்கம் பாரதக் கூத்து பாத்தவங்களுக்கு இது சொல்லாமயே புரியும். துரியோதனன் வேஷம் கட்டினவரு நேரா வந்து கதாயுதத்த சுத்த மாட்டாரு, ரெண்டு பேரு திரைய புடிச்சுட்டு நிப்பாங்க, அவரு பின்னாடி நின்னு சலங்கைய ஒதறி நான் யாரு எந்த நாட்டு ராசா என் பலம் என்னன்னு பாடி முடிச்சுத்தான் வெளிய வருவாரு, கட்டியங்காரன் குறுக்க குறுக்க கேள்வி கேட்டு இன்னும் பேச வைப்பான். ராத்திரி பூரா அந்த பேச்சு இருந்தாத்தான் விடியக்காலம் படுகளத்துல அவரு விழறப்ப நமக்கு நெஞ்சு கனக்கும். ரெஸ்லிங்ல மைக்க புடிச்சு பேசற அந்த பேச்சுக்கு ப்ரோமோன்னு பேரு, அது அந்த வேலையத்தான் பண்ணுது, மைக்க நீட்டிட்டு நிக்கற மீன் ஜீன் ஓக்கர்லண்ட் அங்க கட்டியங்காரன். அத ஓட்டி விட்டுட்டு சண்டைய மட்டும் காட்டினா ரெண்டு பேரு ஜட்டியோட உருள்றாங்க, அவ்ளோதான் தெரியும், அப்புறம் பக்கத்து டேபிள்காரரு "இதெல்லாம் டுபாக்கூருங்க"ன்னு சொல்றதுல என்ன தப்பு இருக்கு.

கடைல அடிக்கடி போடறது ஹல்க் ஹோகன் ஆண்ட்ரே தி ஜெயன்ட் மேட்ச், 1987 மார்ச் 29, மூணாவது ரெஸில்மேனியா, பான்டியாக் சில்வர்டோம், 93,173 பேருன்னு அவங்க அறிவிச்ச கூட்டம். ஹோகன் ஆண்ட்ரேவ தூக்கி போடறப்ப கடையே விசில் அடிக்கும். ஆனா மேட்ச்சா பாத்தா அது மெதுவான மேட்ச், ஆண்ட்ரேக்கு முதுகு ஆபரேஷன் ஆகியிருந்துச்சு, மனுஷனால சரியா நடக்கவே முடியல. அத தூக்கி நிறுத்தினது அதுக்கு முன்னாடி நடந்த பேச்சுதான். இத்தனை வருஷம் கூட இருந்த ஆண்ட்ரே, வில்லன்களோட மேனேஜர் பாபி ஹீனன கூட்டிட்டு வந்து பைப்பர்ஸ் பிட்ங்கற பேட்டி நிகழ்ச்சில நின்னு மேட்ச் கேப்பாரு, ஹோகன் நம்பாம கெஞ்சுவாரு, ஆண்ட்ரே சட்டைய புடிச்சு கிழிப்பாரு, கழுத்துல இருந்த சிலுவையும் அறுந்து போகும். கூட்டாளி கூட்டாளிக்கு துரோகம் பண்ணின அந்த காட்சிய போடாம தூக்கி போட்டத மட்டும் போட்டா என்னங்க இருக்கு.

அதே நாள்ல நடந்த ராண்டி சாவேஜ் ரிக்கி ஸ்டீம்போட் மேட்ச்சத்தான் நான் ஹோகன் மேட்ச்ச விட நாலு மடங்கு மேல வெப்பேன். கால் மணி நேரம் கூட கெடையாது, சாவேஜ் ஒவ்வொரு அடியும் முன்னாடியே எழுதி வெச்சு ஒத்திகை பாத்து பண்ணினது, அதனாலயே ஒரு நொடி தொய்வு இருக்காது. அதுவும் சும்மா வந்த பகை கெடையாது, முந்தின வருஷம் சாவேஜ் ரிங் பெல்ல எடுத்துட்டு மேல இருந்து குதிச்சு ஸ்டீம்போட் தொண்டைய நசுக்கிட்டாரு, அந்த கோவம் மேட்ச் முழுக்க ஓடும். இத கடைல போட்டு நான் பாத்ததே இல்ல. அண்ணே இத படிச்சா தயவு செஞ்சு போடுங்க.

அண்டர்டேக்கர் மேன்கைண்ட் ஆடின ஹெல் இன் எ செல்ங்கற கூண்டு மேட்ச் பத்தி சொல்லணும், 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். கடைல அதிகமா கேட்டு வாங்கற மேட்ச் இதுதான், பசங்க "ண்ணா கூண்டு மேல இருந்து தள்ளறத போடுங்கண்ணா"ம்பாங்க. மேன்கைண்டா வந்த மிக் ஃபோலி உயிர குடுத்து பண்ணினாரு, அதுல எனக்கு மரியாதை இருக்கு, மொத தடவ கீழ தள்ளினது பேசி வெச்சது, ரெண்டாவது தடவ கூண்டு மேல்பக்கம் பிஞ்சு விழுந்தது யாரும் நெனைக்காதது, எழுந்து ஒக்காந்தப்ப பல்லு ஒடஞ்சு ஒதடு கிழிஞ்சு கிடந்தாரு. ஆனா அந்த விழறத மட்டும் திருப்பி திருப்பி போட்டு காட்டறது எனக்கு புடிக்கல, சாப்பிடற எடத்துல சின்ன புள்ளைங்க வேற ஒக்காந்திருக்கு. கூண்டு மேட்ச் பாக்கணும்னா அதுக்கு முந்தின வருஷம் அக்டோபர் 5ம் தேதி நடந்த மொத ஹெல் இன் எ செல் போடுங்க, அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும், செயின்ட் லூயிஸ்ல. கடைசில லைட் அணைஞ்சு, கதைப்படி அண்டர்டேக்கருக்கு தம்பியான கேன் மொத தடவ வந்து கூண்டு கதவ பிச்சு எறிவாரு பாருங்க. அந்த எடத்துக்கு ஏன் புல்லரிக்குதுன்னா, அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா அண்டர்டேக்கரோட பழைய மேனேஜர் பால் பேரர் அந்த கீச்சு கொரல்ல உன் தம்பி சாகல உயிரோட இருக்கான்னு சொல்லி சொல்லியே அண்டர்டேக்கர அலற வெச்சிருந்தாரு. வராத ஆளுக்காக அவ்ளோ நாள் வாயாலயே வாசல் தொறந்து வெச்சாரு அந்த மனுஷன். அவரு பேச்ச ஓட்டிட்டா கேன் யாரோ ஒரு முகமூடிக்காரன்தான்.

ஸ்டீவ் ஆஸ்டின் கதையும் அப்படித்தான். 1996 ஜூன் 23, கிங் ஆஃப் தி ரிங் போட்டி, மில்வாக்கி. மொத மேட்ச்லயே ஒதடு கிழிஞ்சு ஆஸ்பத்திரி போயி தையல் போட்டுட்டு திரும்பி வந்து ஃபைனல்ல ஜேக் ராபர்ட்ஸ ஜெயிக்கறாரு. ஜேக் அப்ப பைபிள் வசனம் சொல்லிட்டிருந்த நேரம், ஆஸ்டின் சிம்மாசனம் பக்கத்துல நின்னு நீ யோவான் 3:16 சொல்ற, ஆஸ்டின் 3:16 சொல்றது உன்ன நான் ஒதச்சுட்டேன்னு ஒரே போடா போட்டாரு. கொஞ்ச நேர பேச்சு, அதுல இருந்து அவரோட தலையெழுத்தே மாறிடுச்சு, கூட்டம் பூரா 3:16 அட்டைய தூக்கிட்டு வர ஆரம்பிச்சுது. அடுத்த வருஷம் மார்ச் 23, ரெஸில்மேனியா 13, பிரெட் ஹார்ட் கூட சப்மிஷன் மேட்ச், அதாவது எதிராளிய தோத்தேன்னு ஒத்துக்க வெக்கற மேட்ச், என்ன கேட்டா இதுக்கு மேல ஒரு மேட்ச் இல்ல. மூஞ்சி பூரா ரத்தம், பிரெட்டோட ஷார்ப்ஷூட்டர்ங்கற கால் பூட்டுல மாட்டிட்டு ஆஸ்டின் கத்தறாரு, தோத்தேன்னு மட்டும் சொல்லாம அப்படியே மயங்கிடறாரு. உள்ள போறப்ப பிரெட் ஹீரோ ஆஸ்டின் வில்லன், வெளிய வர்றப்ப அப்படியே தல கீழ. இது நடக்க காரணம் முந்தின வாரம் பிரெட் மேட்ச் தோத்துட்டு கம்பெனி ஓனர் வின்ஸ் மெக்மேன புடிச்சு தள்ளி வாய்க்கு வந்தபடி திட்டின பேச்சு, நல்லவனுக்கு பொறுமை போன எடம் அது. கடைல மேட்ச் மட்டும் போட்டாங்க, பக்கத்துல இருந்த ஒருத்தரு "ஏங்க, ஜெயிச்சவன எதுக்கு கத்தறாங்க"ன்னு என்ன கேட்டாரு, நான் களி ஆற ஆற மொத்த கதையும் சொல்ல வேண்டியதாச்சு.

எல்லா ப்ரோமோவும் நல்லதுன்னு சொல்ல வரல. அல்டிமேட் வாரியர் மூச்ச இழுத்து இழுத்து கத்தறத ஓட்டி விட்டா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ராக் பேசறது புள்ளைங்களுக்கு கூட ஒடனே புடிச்சிடுது, அத பத்தி கவலையே இல்ல. ஜேக் ராபர்ட்ஸ் அப்படியே எதிர், கத்தவே மாட்டாரு, பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரி மெதுவா பேசுவாரு, அந்த கொரல கேக்கறதுக்கு கொத்து கரண்டிய ரெண்டு நிமிஷம் நிறுத்தினா கடை ஒண்ணும் நஷ்டமாகிடாது.

ஆனா ஒண்ணே ஒண்ணு போட சொன்னா நான் டஸ்டி ரோட்ஸ் ஹார்ட் டைம்ஸ் ப்ரோமோவத்தான் சொல்வேன், 1985. ரிக் ஃப்ளேர் கூட்டம் அவரு கால ஒடச்சு அனுப்பியிருந்தாங்க, திரும்பி வந்து பேசறாரு. பிளம்பர் மகன், தொப்பையும் தொளதொள கையுமா இருக்கற ஆளு, எதிர்ல ஃப்ளேர் பட்டு கோட்டு, ரோலக்ஸ் வாட்ச்னு அலட்டிக்கறவரு. கஷ்டம்னா என்னன்னு உனக்கு தெரியுமான்னு ஆரம்பிச்சு, துணி மில்லுல வேலை போனவன் புள்ளைங்களுக்கு சோறு போட முடியாம நிக்கறானே அது கஷ்டம், முப்பது வருஷம் ஒழைச்சவன் கைல ஒரு வாட்ச்ச குடுத்து உன் எடத்துல கம்ப்யூட்டர் வந்துடுச்சு கெளம்புன்னு சொல்றானுங்களே அது கஷ்டம்னு சொல்லிட்டு, கைய அப்படியே கேமராவ பாத்து நீட்டி வீட்ல இருக்கறவங்க கைய தொடறேம்பாரு. இந்த கடைல சாப்பிடறவங்கள பாருங்க, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு போயிட்டு வந்தவங்க, பெங்களூர் கட்டட வேலைக்கு போறவங்க, ஓசூர்ல கான்ட்ராக்ட்ல இருந்துட்டு நிறுத்திட்டாங்கன்னு ஊருக்கு வந்தவங்க. இவங்களுக்கு புரியாத பேச்சா இது? இங்கிலீசு தெரியாட்டி கூட அந்த மூஞ்சியும் கொரல் ஏறி எறங்கறதும் போதும், கடைக்கார அண்ணன் ரெண்டு வரி தமிழ்ல சொன்னாருன்னா மொத்த கடையும் கேக்கும்.

அதுக்கு அத்தாட்சி இந்த கடைலயே பாத்தேன். ஏழாவது ரெஸில்மேனியா, 1991 மார்ச் 24, சாவேஜ் வாரியர் மேட்ச், தோத்தவரு ரிட்டயர் ஆகணும். அன்னிக்கு அண்ணன் பார்சல் கட்டறதுல பிஸி, ரிமோட் பக்கமே வரல. சாவேஜ் தோத்து கெடக்கறப்ப கூட இருந்த மேனேஜர் ஷெர்ரியே அவர ஒதைக்கும், கூட்டத்துல ஒக்காந்திருந்த பழைய மேனேஜர் எலிசபெத் ஓடி வந்து ஷெர்ரிய தூக்கி வெளிய எறியும், பிரிஞ்சு போன ரெண்டு பேரும் கட்டி புடிப்பாங்க, எப்பவும் சாவேஜுக்கு அந்தம்மாதான் ரிங் கயிற தூக்கி புடிக்கும், அன்னிக்கு சாவேஜ் புடிச்சு அந்தம்மாவ மொதல்ல எறங்க விடுவாரு. அரங்கத்துல பொம்பளைங்க அழறத காட்டினாங்க. கடைல ஒரு குடும்பம் ஒக்காந்திருந்துச்சு, அந்தக்கா புரோட்டாவ பிச்ச கை பிச்சபடி இருக்க "அவங்க புருஷன் பொண்டாட்டியா"ன்னு அவங்க வீட்டுக்காரர கேட்டாங்க. அடிதடி எதுவும் இல்லாத எடம் அது, சேர்ல இருந்து ஒருத்தரும் எழுந்திருக்கல.

அண்ணன் சொல்றதுல ஒண்ணு மட்டும் சரி, நீள மேட்ச் கடைக்கு செட் ஆகாது. ஃப்ளேர் ஸ்டீம்போட் 1989ல ஆடின மூணு மேட்ச்சும் தங்கம், அதுல நியூ ஆர்லியன்ஸ்ல நடந்தது ஒரு மணி நேரத்துக்கு கிட்ட போகும், டேபிளுக்கு ஆளு காத்திருக்கறப்ப அத போட்டா யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. அத வீட்ல பாத்துக்கலாம். அதுக்கு பதிலா 2011 ஜூன் 27 சிஎம் பங்க் மேடைல சம்மணம் போட்டு பேசினத போட்டுட்டு, அடுத்து சிகாகோல ஜான் சீனா கூட மனி இன் தி பேங்க் ஷோல ஆடின மேட்ச் போடுங்கண்ணா, பிரெட் ஆஸ்டின் மேட்ச் நடந்த அதே அரங்கம்தான், பேரு மட்டும் மாத்திட்டாங்க.

போறவங்களுக்கு, கல்லு பக்கத்து டேபிள்ல ஒக்காராதீங்க, ஒண்ணும் கேக்காது, டிவிக்கு நேர் கீழ இருக்கற பெஞ்சும் கழுத்து வலிக்கும், கல்லாப்பெட்டிக்கு எதிர் டேபிள்தான் சரி. களி சீக்கிரம் தீந்துடும், முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. போனீங்கன்னா நீங்களும் அண்ணன்கிட்ட சப்டைட்டில் போட்டு பேச்ச ஓட விட சொல்லுங்க, நான் ஒருத்தன் சொல்றத விட நாலு பேரு கேட்டா அவரு பண்ணிடுவாரு, அவருக்கும் உள்ளுக்குள்ள அந்த ஆச இருக்கு. டிவிக்கு இப்போதைக்கு அஞ்சுக்கு மூணரை, ஹார்ட் டைம்ஸ் போட்ட அன்னிக்கு மீதியையும் குடுத்துடறேன்.