கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ்: தொடுகிறதா, தொடவில்லையா?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்காக இந்தக் கால்குலேட்டரை வாங்கினோம். சைன், காஸ் எல்லாம் எந்த சயின்டிஃபிக் கால்குலேட்டரும் போடும், அதை விடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஒரு பரவளையம், அதாவது ஒய் = ஏ எக்ஸ் ஸ்கொயர் + பி எக்ஸ் + சி என்ற வளைவு, எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டுகிறதா, ஒரு புள்ளியில் தொட்டுவிட்டுத் திரும்புகிறதா, கிட்டவே வரவில்லையா என்று இது குழப்பாமல் சொல்லுமா?

மெனுவில் சமன்பாட்டுப் பகுதிக்குப் போய், பல்லுறுப்புக் கோவை, படி 2 என்று கொடுத்து ஏ, பி, சி என்ற மூன்று கெழுக்களை அடிக்க வேண்டும். 1, −6, 8 போட்டால் 4, 2 என்று இரண்டு விடை, ஆக இரண்டு வெட்டு. 1, −6, 9 போட்டால் 3 மட்டும், அதாவது தொடுகிறது. சரி, வம்புக்கு 9-ஐ 9.01 ஆக்கிப் பார்த்தேன். ஒரு செ.மீ. ஓர் அலகு என்று கிராஃப் தாளில் இதை வரைந்தால் வளைவுக்கும் அச்சுக்கும் நடுவில் 0.1 மி.மீ.தான் இருக்கும், பென்சில் கோடே அதைவிடத் தடிமன், எவ்வளவு பார்த்து வரைந்தாலும் தொடுவதுபோலத்தான் தெரியும். கால்குலேட்டரிலோ விடையோடு 'ஐ' ஒட்டிக்கொண்டு வந்தது, கற்பனை மூலம், அதாவது வளைவு அச்சைத் தொடவே இல்லை. சமக்குறியை மேலும் அழுத்தினால் மீச்சிறு புள்ளியையும் காட்டுகிறது: எக்ஸ் 3, ஒய் 0.01. மேல்நோக்கித் திறக்கும் வளைவின் அடிப்புள்ளியே அச்சுக்கு மேலே நின்றால் அது எங்கே வெட்டப்போகிறது! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பழைய 991எம்எஸ்ஸில் இந்த மீச்சிறு புள்ளி வராது. போதாததற்குக் கற்பனை மூலம் என்றால் முதலில் மெய்ப்பகுதியான 3-ஐ மட்டும் காட்டிவிட்டு மூலையில் சின்னதாக ஒரு குறி போடும், ஷிஃப்ட் அழுத்தி மாற்றினால்தான் மீதி தெரியும். அவசரக்காரர்கள் 'தொடுகிறது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எம்எஸ் வைத்திருப்பவர்கள் அந்த மூலையைப் பார்த்துப் பழகுங்கள்.

ஆனால் எத்தனை வெட்டு என்பது மட்டும் போதுமென்றால் இவ்வளவு பொத்தான் எதற்கு? பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி என்ற தன்மைகாட்டியைப் போட்டால் 36-இல் 36.04 போக −0.04, குறை எண், வெட்டே இல்லை, முடிந்தது. கணக்குப் பொதுத்தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதியும் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் முதலில் கையால் தன்மைகாட்டி, அப்புறம்தான் சரிபார்க்க இது. கல்லூரிக்காக வாங்குபவர்கள் எந்த மாடலைத் தேர்வறைக்குள் விடுகிறார்கள் என்று துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.